ரெட்டைப்பூட்டு கட்டிய விமானம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்டில் ஒரு கயிறு அறுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும். மோட்டாருக்கு ஒரு எர்த்து விட்டுப்போனால் இன்னொன்று இருக்க வேண்டும். வேலையிடத்தில் அது நியாயம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் கொடுமை. வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு. பேன்ட்டுக்கு பெல்ட்டும் உண்டு, தோளில் மாட்டும் வாரும் உண்டு. எதையும் இரண்டு தரம் சொல்வார். "கிளம்பிட்டேன்மா, கிளம்பிட்டேன்." எனக்கென்ன காதா அடைத்திருக்கிறது? கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ரெட்டைப்பூட்டு என்று பெயர் வைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்படிப்பட்ட மனுஷன் கார் ஷெட்டில் விமானம் கட்டினார். கார் பல வருஷம் தெருவில் நனைந்தது. கல்யாணமான புதிதில், சொந்தக் கையால் ஒரு விமானம் செய்து ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்று சொன்னார். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

எல்லாம் முடிந்தது. விமானத் திடலுக்குக் கொண்டுபோய் இறக்கையும் மாட்டியாயிற்று. ரேடியோதான் வம்பு பண்ணியது. எஞ்சினைக் கிளப்பினால் ஹெட்ஃபோனுக்குள் 'ஙொய்ய்' என்று ஓர் ஊளை. எஞ்சின் வேகம் ஏற ஏற ஊளையும் ஏறியது. சோதனைக்கு வந்த அதிகாரி காதில் மாட்டிப் பார்த்தார்.

"பேச்சே புரியலையே. இது சரியானாத்தான் கையெழுத்து. அடுத்த வாரம் ஒரு தடவை வர்றேன்."

அந்த வாரத்தை விட்டால் கதை முடிந்தது. என் வீட்டுக்காரருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இந்த மாதத்துக்கு மேல் பறக்கச் சான்றிதழ் தர முடியாது என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதிகாரி வந்துபோன அன்று ராத்திரி இவர் சோற்றுத் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். எர்த்து போதவில்லை என்று இன்னொரு தடித்த ஒயரை இழுத்துக் கட்டினார். ஊளை இன்னும் கணீரென்று கேட்டது.

கடைசியில் திடலில் ரேடியோ வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டோம். டார்ச்சோடு உள்ளே குனிந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"அண்ணே, ஹெட்ஃபோன் சொருகுற இடத்துக்கு ஒயர்லயும் எர்த்து குடுத்திருக்கீங்க, தகட்டோடவும் சேர்த்து முடுக்கியிருக்கீங்க. கரண்டு திரும்பிப் போக ரெண்டு வழி இருந்தா, எஞ்சின்ல சுத்துற ஜெனரேட்டர் சத்தமும் அதுல ஏறி உங்க காதுக்கு வந்துரும். ஒண்ணக் கழட்டுங்க."

"கழட்டுறதா?"

"ஆமாண்ணே."

"அப்ப ஒண்ணுதானே இருக்கும்?"

"ஒண்ணுதாண்ணே இருக்கணும்."

"அது விட்டுப்போச்சுன்னா?"

"ஹெட்ஃபோன் கேக்காது. விமானம் விழாது."

இவர் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். முப்பது வருஷமாக மாட்டியே பழகிய கை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, கழட்டித் தொலைங்க! ஷெட்டுல வச்சுப் பூட்டவா இத்தனை வருஷம் காரை மழையில விட்டோம்?"

கழற்றினார். தகட்டில் படாதபடி இடையில் பிளாஸ்டிக் வாஷர் வைத்து மறுபடி முடுக்கினார். எஞ்சின் கிளம்பியது. ஹெட்ஃபோனில் ஊளை இல்லை. இவர் நம்பாமல் எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பிப் பார்த்தார். அதிகாரி சொன்னபடி வந்து, கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

பறந்த அன்று அந்தப் பெண் என் கையில் ஒரு சின்ன ரேடியோவைக் கொடுத்திருந்தாள். விமானம் ஓடியது, எழும்பியது, வேலிக்கு அப்பால் சின்னதாகிப் போனது.

"மேல வந்துட்டேன்மா."

பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு. அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"கேட்டுச்சுல்ல அண்ணி?" என்றாள் அவள்.

கேட்காமல் என்ன? ஆனாலும் ரேடியோவின் பொத்தானை அழுத்தினேன்.

"ஏங்க, இன்னொரு தரம் சொல்லுங்க."