ரெண்டு கேமரா ஷர்லி

கறம்பக்குடி கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஸ்டுடியோவின் பலகையில் ஆரோக்கியதாஸ், ஷர்லி என்று இரண்டு பெயர்கள் எழுதியிருக்கும். கல்யாணமான மறுவருஷமே ஆரோக்கியதாஸ் மனைவி கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, "நீ பக்கத்துல நின்னு எடு. நான் தூரத்துல நின்னு எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டார். மணப்பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குள் போய்ப் படம் எடுக்க வீட்டுப் பெண்களுக்கு ஷர்லிதான் தோதாக இருந்தாள். கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டு, பெண்ணைப் பெற்றவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதை நீள லென்ஸில் பிடிப்பதில் ஆரோக்கியதாஸ் கெட்டிக்காரர். பதினான்கு வருஷம் அப்படித்தான் ஓடியது. பந்தியில்கூட ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் கேமராப் பைக்குக் காவல் இருப்பார். சேர்ந்து உட்கார்ந்து ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதில்லை என்று ஷர்லி சிரித்துக்கொண்டே குறைப்பட்டுக்கொள்வாள்.

கொரோனா வந்தது. மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. வீட்டு வாசலில் இருபது பேரை வைத்து நடந்த கல்யாணங்களைச் சொந்தக்காரப் பையன்களே போனில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆரோக்கியதாஸ் கத்தாருக்குப் போனார். அங்கே ஒரு குடோனில் சரக்கு சரிபார்க்கும் வேலை.

"ரெண்டே வருஷம் ஷர்லி. பாப்பா படிப்பு ஒரு நெலைக்கு வந்துட்டா வந்துருவேன். கேமராவ நீயே வச்சுக்க" என்றார்.

இரண்டு மூன்றாகி, மூன்று நான்காகிவிட்டது. மகள் ஜெசிந்தா திருச்சியில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் ஷர்லி மட்டும்.

அவர் போன பிறகு ஷர்லி ஆள் வைத்துப் பார்த்தாள். ஒருவன் சொந்தமாகக் கடை போட்டுக்கொண்டான். இன்னொருவன் சிங்கப்பூர் போய்விட்டான். அப்புறம் அவள் யாரையும் தேடவில்லை. ஒரே கேமராவோடு போய், வேண்டிய நேரத்துக்கு லென்ஸை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்தில் அது காலை வாரிவிட்டது. நீள லென்ஸைக் கழற்றிச் சின்ன லென்ஸைத் திருகிக்கொண்டிருக்கும்போதே ஐயர் கையைத் தூக்கினார்; கெட்டிமேளம் முழங்கியது. அவள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிட்டது.

ஆல்பம் வாங்க வந்த பெண்ணின் அப்பா முத்துராமன் சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"தாலி கட்டுற படத்துல எம் பொண்ணு மொகம் இல்லையேம்மா" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஷர்லிக்கு. அன்றையிலிருந்து இரண்டு கேமராவையும் மாட்டிக்கொண்டுதான் போனாள். ஒன்று கழுத்தில், ஒன்று தோளில்.

கேமராவும் லென்ஸும் ஃபிளாஷும் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. நீள லென்ஸ் போட்டது இன்னும் கனம். அதிகாலை நாலரை மணிக்கு மாட்டினால் மத்தியானம் மூன்று வரைக்கும் இறக்க முடியாது. கழுத்தில் கிடந்தது பிடரியை அறுத்தது. தோளில் கிடந்தது நழுவி நழுவி முழங்கைக்கு வந்தது. மெட்டி போடுவதை எடுக்கக் குனிந்தபோது தோளில் கிடந்த கேமரா சரிந்து குத்துவிளக்கில் மோதி, எண்ணெய் மாப்பிள்ளையின் பட்டுவேட்டியில் சிந்தியது. ஆடி மாதம் வருவதற்குள் இடது கையைத் தூக்கித் தலைசீவ முடியாமல் போயிற்று. புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள்.

"கழுத்துல எதையும் தொங்கவிடாதீங்க. ரெண்டுல ஒண்ண எறக்கி வச்சிருங்க" என்றார் அவர்.

"எறக்கி வைக்க முடியாதுங்க மேடம்."

"அப்ப இன்னொரு ஆளக் கூட்டிட்டுப் போங்க."

ஷர்லி தலையை ஆட்டிவிட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜெசிந்தாதான் போனில் தேடி, ஒரு கேமரா பெல்ட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டாள். பிரித்துப் பார்த்தால், பை இல்லாத பள்ளிக்கூடப் பை மாதிரி இருந்தது. இரண்டு தோளுக்கும் அகலமான பட்டை, முதுகில் குறுக்காகப் போய் ஒரு வளையத்தில் சேர்ந்தது. பக்கத்துக்கு ஒரு கொக்கி. கேமராவை அந்தக் கொக்கியில் தலைகீழாக மாட்டினால் இடுப்போரம் தொங்கும். வேண்டியபோது தூக்கினால் பட்டையிலேயே வழுக்கிக் கண்ணுக்கு வந்துவிடும். கனம் கழுத்துக்குப் போகாமல் முதுகு முழுக்கப் பரவும் என்று எழுதியிருந்தது. ஆனால் அது ஆண் உடம்புக்கு அளவெடுத்தது. பட்டை இரண்டும் மார்பில் ஏறி உட்கார்ந்தன. எவ்வளவு இழுத்தாலும் தொளதொளவென்று இருந்தது. இறுக்கும் பக்கிளோ முதுகுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில்.

அதை ஒரு பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தார்ப்பாய் தைக்கும் அய்யாக்கண்ணுவிடம் போனாள். லாரிப் படுதாவும் நெல் மூடும் தார்ப்பாயும் தைக்கிற பெரிய மிஷின் அவரிடம் இருந்தது. அவர் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, குதிரைக்கு மாட்டுற மாதிரி இருக்கு?"

"எனக்குத்தாண்ணே. ரெண்டு கேமராவ தூக்கணும்."

"கேமராவ எடுத்தாந்தியா?"

கொண்டுவந்திருந்தாள். அவர் மாட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார், குனியச் சொன்னார், "அங்கிட்டுத் திரும்பு, இங்கிட்டுத் திரும்பு" என்றார். எங்கே பட்டை நழுவுகிறது, எங்கே அழுத்துகிறது என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார். மார்புப் பட்டையைப் பிரித்து மேலே, காறை எலும்புக்குக் கீழாக ஏற்றினார். தோளுக்கு உள்பக்கம் லாரி சீட்டுக்குப் போடுகிற ரப்பர் பஞ்சை வைத்துத் தைத்தார். கொக்கி விட்டுப்போனாலும் கேமரா கீழே விழாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு கூடுதலாகக் கோத்தார். பிறகு முதுகுப் பக்கிளைக் காட்டிக் கேட்டார்.

"இதப் பின்னால யாரு இழுத்துவிடுவா?"

"யாரும் இல்லண்ணே."

அய்யாக்கண்ணு ஊசியை வாயில் வைத்துக்கொண்டு தையலைப் பிரித்தார். "அப்ப முன்னாடியே வச்சுருவோம்" என்றார்.

அந்த ஆவணியில் மீமிசல் பக்கத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பெல்ட்டை மாட்டி, முன்பக்கம் பக்கிளை இழுத்து, இரண்டு கேமராவையும் கொக்கியில் விட்டபோது அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துதான் கழுத்தைப் பற்றி நினைக்கவே இல்லை என்று உறைத்தது. வலது கை சின்ன லென்ஸைத் தூக்கியது, விட்டால் இடுப்புக்குப் போய் நின்றது. இடது கை நீள லென்ஸைத் தூக்கியது. தாலி முடிச்சையும் எடுத்தாள். அதே மூச்சில் திரும்பி, ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த பெண்ணின் அம்மாவையும் எடுத்தாள். ஆரோக்கியதாஸ் எடுக்கிற படம் அது. எடுத்த கையோடு, "பாத்தீங்களா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற நாதஸ்வரக்காரர் அவளைப் பார்த்தார்.

பந்தியில் முதல்முறையாகக் கேமராவோடேயே உட்கார்ந்தாள். இரண்டும் நாற்காலியின் இரண்டு பக்கமும் தொங்கின. சாம்பார் வாளியோடு வந்த சமையல்காரர் ராமு, பழைய பழக்கம். அவர் நின்று பார்த்தார்.

"என்னக்கா, துப்பாக்கி வச்சிருக்க போலீசு மாதிரி இருக்கீங்க? அண்ணன் எப்ப வாராரு?"

"வருவாரு."

"ரெண்டு பேரு வேலைய ஒத்த ஆளா பாக்குறீங்க. ரெண்டு கேமரா ஷர்லின்னு பேரு வச்சிரலாம்."

பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள். ஷர்லியும் சிரித்தாள். பேர் நின்றுவிட்டது. கறம்பக்குடியிலிருந்து கடற்கரை வரைக்கும் அடுத்த தைக்குள் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

மீமிசல் கல்யாணத்தன்று சாயங்காலம் வீடு வந்ததும் வீடியோ காலில் ஆரோக்கியதாஸுக்குப் பெல்ட்டை மாட்டிக் காட்டினாள். திரும்பி நின்று முதுகையும் காட்டினாள். அங்கே சாப்பாட்டு நேரம் முடிகிற சமயம். அவருக்குப் பின்னால் யாரோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. ஒனக்கு இனிமே ஆளே தேவையில்ல" என்றார் ஆரோக்கியதாஸ். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஷர்லி, இங்க காண்ட்ராக்ட் நீட்டித் தாரேங்கிறாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

அவள் பெல்ட்டைக் கழற்றாமலே நின்றாள். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அவரும் என்ன சாப்பிட்டார் என்று சொன்னார்.

மறுவருஷம் வைகாசியில் ஆரோக்கியதாஸ் இருபத்தைந்து நாள் லீவில் வந்தார். கொஞ்சம் பருத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. வந்து ஒரு வாரம் விருந்தும் கோயிலும் சொந்தக்காரர் வீடுமாகப் போயிற்று. எட்டாம் நாள் வடகாட்டில் ஒரு கல்யாணம் ஷர்லியின் கையில் இருந்தது.

"நானும் வாரேன்" என்றார் அவர். "முன்ன மாதிரி."

ஷர்லிக்கு முந்தின நாள் சாயங்காலமே மனம் பரபரத்தது. அவருடைய கேமராவைத் துடைத்தாள். பழைய கழுத்து வாரைத் தேடியெடுத்து மாட்டினாள். காலையில் மண்டப வாசலில் நீள லென்ஸ் கேமராவைத் தன் கொக்கியிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

கொடுத்து இரண்டு எட்டு வைத்ததும் ஏதோ சரியில்லை. வலது பக்கம் மட்டும் கேமரா தொங்கியது. எதிர்ப்பக்கம் கனம் இல்லாததால் பட்டை முழுக்க வலப்பக்கம் இழுத்தது. முதுகு வளையம் நகர்ந்து வலது விலாவுக்கு வந்தது. இழுத்து நேராக்கினாள். பத்து நிமிஷத்தில் மறுபடியும் சரிந்தது. பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையபடி கழுத்தில் மாட்டிக்கொண்டால் என்ன என்று நினைத்தாள். பிடரி வேண்டாம் என்றது.

மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் ஆரோக்கியதாஸ் உற்சாகமாக எடுத்தார். பிறகு கேமராவில் ஏதோ பட்டனைத் தேடினார்.

"இத எங்க மாத்தி வச்சிருக்க?"

"அது இங்கிட்டு இருக்குங்க. புது மெனு."

இரண்டு முறை அவள் படத்துக்குள் அவரே வந்து நின்றார். முன்பெல்லாம் அவள் எங்கே நிற்பாள் என்று பார்க்காமலே அவருக்குத் தெரியும். இப்போது அவளும் அவர் எங்கே நிற்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது. தாலி கட்டி முடிந்து தேடினால் ஆளைக் காணவில்லை. பெடஸ்டல் ஃபேனுக்கு எதிரே நாற்காலியில், மடியில் கேமராவை வைத்துக்கொண்டு, குடோன் ஆட்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோள்பட்டை விட்டுப்போச்சு ஷர்லி. பழக்கம் இல்லேல்ல" என்றார், தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

"கேமராவைக் குடுங்க. நான் வச்சுக்கிறேன்."

"ஒனக்குச் செரமமா இருக்காதா?"

"இல்லைங்க."

அவள் குனிந்து மடியிலிருந்து எடுத்தாள். கழுத்து வாரைக் கழற்றிவிட்டு இடது கொக்கியில் மாட்டினாள். கனம் இரண்டு பக்கமும் சமமாக இறங்கியது, முதுகு நிமிர்ந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல், "நீங்க மொதப் பந்தியிலேயே சாப்ட்டுருங்க, எனக்கு நேரமாகும்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாள்.

மிச்சமிருந்த நாட்களில் அவர் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவளும் கூப்பிடவில்லை. வீட்டில் குழாய் மாற்றினார், ஸ்டுடியோவுக்கு வெள்ளையடித்தார். சாயங்காலம் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். ஜெசிந்தாவைப் பற்றிப் பேசினார்கள். சண்டை எதுவும் இல்லை. ஒருநாள் அவள் தோளில் பெல்ட் பதிந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்து, "காப்புக் காச்சுப் போச்சே" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தாள். அதற்குள் யாரோ போன் செய்தார்கள்.

அவர் திரும்பும் நாளும் ஒரு முகூர்த்த நாளாக அமைந்துவிட்டது. வாக்குக் கொடுத்த கல்யாணம், விட முடியாது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஜெசிந்தா வந்து வழியனுப்புவது என்று ஆயிற்று. ஷர்லி நாலு மணிக்கே எழுந்து அவருக்குத் தயிர்சாதம் கட்டி வைத்துவிட்டு, வாசலில் நின்று, "போன ஒடனே போன் பண்ணுங்க" என்றாள். அவர் தலையாட்டினார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றிக்கொண்டிருந்தபோது ஷர்லியின் சுடிதார்ப் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு கையிலும் வேலை இருந்தது. மூன்று தடவை மாலை மாற்றி, தாலி கட்டி, அக்கினியைச் சுற்றி வந்த பிறகு மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள்; அவர்தான் ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. இன்னொரு முறை அடித்தாள். அதேதான்.

"ஷர்லியக்கா, மாப்ள வீட்டு ஆளுங்க நிக்கிறாங்க, வாங்க!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

போனை உள்ளே போட்டுவிட்டு மேடைக்கு முன்னால் வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். "பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் கிட்ட வாங்க" என்றாள் ஷர்லி. "இன்னுங் கொஞ்சம். ஒருத்தர ஒருத்தர் தொட்டாப்புல நில்லுங்க."