ஹெலிக்குக் காட்டாத சேலை

எனக்கு ஓர் இடத்தில் இருக்கப் பழக்கமில்லை. அன்று காலை எங்கள் வயல் வட்டையின் வரம்பில் எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது.

"கொஞ்சம் இரிகா, ஹெலி மறுகா வரும்" என்றார் அண்ணன். பக்கத்து வயல் அவருடையது.

எப்படி இருப்பது? மலையடிக் காட்டுக்குள், சிறு குளத்தருகில், ஒரு யானை வாய் கிழிந்து நின்றது. யாரோ பூசணிக்காய்க்குள் வெடி வைத்திருக்கிறார்கள். என் வேளாண்மையை இரண்டு போகம் தின்று தீர்த்த அதே யானைதான். செத்துத் தொலையட்டும் என்று அப்போது வாய் நிறையத் திட்டியிருக்கிறேன். இப்போது தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நிற்பதைக் கண்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாளாக வனவிலங்குக் கந்தோருக்குப் போன் அடித்துச் சண்டை பிடித்தது நான்தான்.

வெள்ளத்தில் பாதை மூழ்கியிருந்ததால் மிருக வைத்தியர் ஹெலியில் வர ஒப்புக்கொண்டார். காடு அடர்த்தி, மேலிருந்து யானை தெரியாது. நான் வெட்டவெளியில் நின்று சிவப்புச் சேலையை ஆட்டி யானை நிற்கும் பக்கம் கை காட்ட வேண்டும். அண்ணன் வைக்கோலைக் கொளுத்திப் புகை போட வேண்டும். ஒரு சுற்றுத்தான் வருவோம் என்று வைத்தியர் போனில் சொல்லிச் சொல்லி வைத்தார்.

மலைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவ்வளவுதான் தெரியும். நினைவு வந்தபோது மருதமரத்து வேருக்குள் முகம் குத்திக் கிடந்தேன். சேலை சுருண்டு என் வயிற்றுக்கு அடியில் இருந்தது. ஹெலி சுட வந்தால் நிறம் மேலே தெரியக்கூடாது என்று சின்ன வயதில் அம்மா படிப்பித்தது. வெளியே ஓடி வந்து ஆட்டினேன், கத்தினேன். ஹெலி போய்விட்டது.

அண்ணன் வாய்க்காலுக்குள் இருந்து எழும்பி வந்தார். கையிலிருந்த நெருப்புப்பெட்டி நனைந்து ஒழுகியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகுமா என்று என் கால்கள் மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது.

தண்ணீர் வடிந்து வைத்தியர் உழவு மெசினில் வந்து சேர்ந்தபோது யானை குளக்கரையில் விழுந்து கிடந்தது. அவர் என்னைவிட இருபது வயது இளையவர், தூரத்து ஊர்க்காரர். அதன் நெற்றியில் கையை வைத்தபடி கேட்டார்.

"அக்கா, நீங்க ஏன் கை காட்டல்ல?"

"ஹெலி வந்தது, டொக்டர்."

"ஓம், வந்தம்தானே. பிறகு?"

அவர் மீதியைக் கேட்கக் காத்திருந்தார்.

"ஹெலி வந்தது" என்றேன் மறுபடியும்.