காற்றுத் துவாரத்தில் பழைய பேப்பர்

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். ஆனால் ஒன்று. பேய்க் கதை என்றதும் நடுநிசி, நாய் ஊளை, அமாவாசை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில். மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில். மணி உட்பட எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

என் பெயர் ராய்ஸ்டன். லிங்கன்ஷயரில், கடலிலிருந்து ஆறு மைல் உள்ளே, ஹாக்ஸ்பி என்ற ஊர். முப்பத்தோரு வருஷம் பஸ் பாடி கட்டிய தச்சன். 1990 அக்டோபரில் என் மகள் டாம்சின் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். கட்டினவன் கைவிட்டுவிட்டான், பாவி. குழந்தை ஜோயலுக்கு அப்போது ஏழு வாரம். எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு படுக்கையறை. தாயும் பிள்ளையும் கூடத்துச் சோபாவில் சுருண்டு கிடந்தார்கள்.

அதற்காகத்தான் ஒரு பழைய கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீட்டை, வாங்கினேன். ஒரு பண்ணைக்குப் பின்னால் முள்புதரில் கிடந்தது. உள்ளே கோழிகள் குடியிருந்தன. தோட்டத்தில் நிறுத்திச் சரிசெய்துவிட்டால் அவர்களுக்கென்று ஒரு கதவு, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. ஜனவரிக்குள் முடித்துவிடுவேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்தேன்.

பழைய கேரவனைத் தொடுவதற்கு முன் அதன் வயசு தெரிய வேண்டும். வயசு தெரியாமல் கை வைத்தால் எந்த மரம், எந்த ஆணி, எந்தக் கண்ணாடி என்று ஒன்றும் பிடிபடாது. என் கூட்டாளி கத்பர்ட்டுக்குக் கேரவன் பைத்தியம். ஒரு சுற்று சுற்றி வந்து சக்கரத்தை உதைத்தான்.

"யோவ், இது அம்பதுக்கு அப்புறம் செஞ்சதுய்யா."

"உன் தலை. திருகாணியைப் பாரு. எல்லாம் ஒத்தை வெட்டு. ஒண்ணுலயாச்சும் புதுசா வந்த கூட்டல் குறி வெட்டு இருக்கா?"

"அடுப்பு பிற்காலத்துது ஆச்சே?"

"அடுப்பை அப்புறமா மாத்தியிருப்பாங்க. இது உலகச் சண்டைக்கு முன்னாடி செஞ்சது. பந்தயம் ஒரு பீர்."

பெயிண்டைக் காசு அகலத்துக்குச் சுரண்டினேன். வெள்ளை, அதன் கீழே பச்சை, அதன் கீழே அரக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பு. அடிச்சட்டத்தில் துருவைத் தேய்த்தபோது ஒரு எண் தெரிந்தது. 214. பழைய கேரவன்காரர்களின் சங்கத்தில் பதிவேடு வைத்திருக்கும் ஆஸ்குட் என்பவருக்கு அந்த எண்ணை எழுதிப் போட்டேன்.

தரையில் நாலு காற்றுத் துவாரங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. கரி அடுப்பு எரிகிற கேரவனில் அவற்றை மூடவே கூடாது. மூடினால் வாசனையே இல்லாத விஷக்காற்று உள்ளே தங்கி, தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். ஆனால் குளிர்காலத்தில் காலடியில் ஊசிக் காற்று ஏறும்போது எங்கள் ஆட்கள் செய்கிற முதல் முட்டாள்தனமே துணியையோ பேப்பரையோ திணித்து அதை அடைப்பதுதான். இந்தக் கேரவனிலும் ஒரு துவாரத்தில் பேப்பர் இருந்தது. மூன்றாக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, இறுக்கமாக. பிரித்துப் பார்த்தேன். 1947 பிப்ரவரி 8, சனிக்கிழமை. ஐம்பதுக்கு அப்புறம் என்றவன் தோற்றான், கத்பர்ட்டிடம் பீரை வாங்கிக் குடித்தேன்.

அது நவம்பர் 12. பேப்பரை நானே தீயில் போட்டேன்.

நவம்பர் 13, மதியம் 2.50. அதே துவாரம். மறுபடியும் பேப்பர். மூன்று மடிப்பு, ஓரம் உள்ளே செருகி. இந்த முறை அது அன்றைய பேப்பர். நான் பாதி போட்டிருந்த குறுக்கெழுத்துக்கூட அதில் அப்படியே இருந்தது.

நேரே என் மனைவி கிளெனிஸிடம் போனேன்.

"நீ கேரவனுக்குள்ள போனியா?"

"அந்தக் கோழிக் கூண்டுக்கா? எனக்கு வேற வேலை இல்ல?"

"அப்ப பேப்பர் எப்படி அங்க போச்சு?"

"நீதான் வச்சிருப்ப. நேத்து மூக்குக்கண்ணாடியை ரொட்டி டப்பாவுல வச்சவன்தானே நீ."

சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் 2.25க்கு இரண்டு துவாரங்கள் அடைபட்டிருந்தன. அதற்கடுத்த நாள் 3.15க்கு நாலும். ஒன்றில் என் மஃப்ளர். ஒன்றில் ஜோயலின் காலுறை.

பூட்டுப் போட்டேன். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பூட்டு அப்படியே இருந்தது. துவாரங்கள் மட்டும் அடைபட்டன. காலையில் ஒருநாளும் இல்லை. ராத்திரியிலும் இல்லை. மதியம் மட்டும்.

டிசம்பர் 4. உள்ளேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கதவைத் தாழிட்டு, ஸ்டூலைப் போட்டு, நாலு துவாரங்களையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டேன். 2.00. ஒன்றுமில்லை. 2.10. ஒன்றுமில்லை. கைக்கு வேலை வேண்டுமே என்று ஒரு வளைந்த ஆணியை எடுத்து நிமிர்த்தினேன். இரண்டு தட்டுத்தான்.

சர்ர்ர்...

பேப்பர் கிழிகிற சத்தம். எனக்குப் பின்னால்.

திரும்பினேன். யாருமில்லை. மறுபடி முன்னால் பார்த்தேன். ஒரு துவாரம் மூடியிருந்தது.

எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்காலில் ஏதோ கனத்தது. ஒரு சாம்பல் நிறக் கம்பளி. ஓரங்களை என் தொடைக்கடியில் செருகி, கச்சிதமாகப் போர்த்தியிருந்தது.

அந்தக் கம்பளி எங்கள் வீட்டுடையது இல்லை.

வெளியே ஓடிவந்து வாந்தியெடுத்தேன். அறுபத்திரண்டு வயசில் குழந்தையைப் போல் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

டாம்சினிடம் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்தபோது ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

"அப்பா, எனக்கு அந்தச் சோபாவுல முதுகே போச்சு. பேயோ பிசாசோ, கட்டில் இருக்கில்ல?"

"இல்லம்மா, அது..."

"விடுப்பா. வேணும்னா கம்பி வலை அடிச்சுக் குடு."

அடித்தேன். நாலு துவாரத்துக்கும் இரும்பு வலை, வலைக்கு எட்டு எட்டுத் திருகாணி. அதற்குப் பிறகும் இரண்டு முறை அடைபட்டது. பிறகு திடீரென்று நின்றது. ஜனவரி 21 முதல் 29 வரை ஒன்பது நாள், ஒன்றுமே இல்லை. போய்த் தொலைந்தது சனியன் என்று நினைத்துவிட்டேன். பிப்ரவரி முதல் தேதி தாயும் பிள்ளையும் குடிபோனார்கள். ஒரு வாரம் ஒரு குறையும் இல்லை. டாம்சின் மதியத்தில் கேரவனில் இருக்கமாட்டாள், ஜோயலைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

பிப்ரவரி 8 அன்று பனி முழங்கால் அளவு. கிளெனிஸ் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ராத்திரி முழுக்க ஜோயல் அழுததால், கொஞ்சம் கண்ணயர்கிறேன் என்று டாம்சின் அவனைத் தூக்கிக்கொண்டு கேரவனுக்குப் போனது எனக்குத் தெரியாது. நான் கொட்டகையில் இருந்தேன்.

3.05. கேரவன் புகைபோக்கியில் புகை.

கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஓடினேன். கதவைத் தட்டினேன். "டாம்சின்!"

பதில் இல்லை.

தள்ளினேன். தாழ் போடவில்லை. ஆனாலும் கதவு அசையவில்லை. கதவைச் சுற்றி நாலு பக்கமும், விரல் நுழையாத இடுக்கில்... பேப்பர். துணி. உள்ளேயிருந்து இறுக்கி இறுக்கித் திணித்திருந்தது.

தோளால் இடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான் செய்த கதவு. நானே நன்றாகச் செய்துவிட்டேன், ஐயோ...

உள்ளே ஒரு சத்தம்.

சர்ர்ர்...

இன்னும் திணித்துக்கொண்டிருந்தது.

சுத்தியலால் ஜன்னலை உடைத்தேன். கையெல்லாம் ரத்தம். உள்ளே குதித்தேன். இருவரும் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார்கள். கன்னம் இரண்டும் சிவந்து, அழகாக... அப்படியே பொம்மை போல்.

ஜோயலை ஜன்னல் வழியாகப் பனியில் வைத்தேன். அவளை இழுத்தேன். குழந்தை அசையவில்லை.

3.14. அசையவில்லை.

3.18.

3.22க்கு அழுதான்.

அந்த அழுகையைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. டாம்சின் பனியில் வாந்தியெடுத்துவிட்டு, பாதி மயக்கத்தில் கேட்டாள்:

"அம்மா எங்க?"

"கடைக்குப் போயிருக்கா."

"இல்லப்பா. இப்பதான் வந்து போர்த்திவிட்டாங்க. தூங்கு கண்ணு, காத்து வராம நான் பார்த்துக்கறேன்னாங்க."

கிளெனிஸ் அப்போது இரண்டு மைல் தள்ளி, கடையில் வரிசையில் நின்றிருந்தாள்.

மார்ச்சில் கேரவனை ரம்பத்தால் அறுத்துத் துண்டு துண்டாக எரித்தேன். சாம்பல் ஆறுவதற்குள் ஆஸ்குட்டின் கடிதம் வந்தது. எண் 214, 1938 ஏப்ரலில் கட்டியது. வாங்கியவர் ஹெரால்ட் பாஸ்க், வாய்க்கால் வெட்டும் வேலை. வீடில்லாமல் குடும்பமே அதில்தான் வாழ்ந்தது. 1947 பிப்ரவரி பனியில், கணவர் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், அவர் மனைவி மேபல், இரண்டு பிள்ளைகளுக்குக் குளிருகிறதே என்று துவாரங்களைப் பேப்பரால் அடைத்து, அடுப்பை மூட்டி, பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் போய்விட்டன.

இதுவரைக்கும் நானே ஓரளவு ஊகித்திருந்தேன். கடைசி வரியைத்தான் மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது.

மேபல் பிழைத்துக்கொண்டாள். எழுபத்தாறு வயசு. எங்கள் ஊரிலிருந்து பதினொரு மைலில் ஒரு முதியோர் இல்லத்தில் உயிரோடு இருக்கிறாள்.

போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அங்கிருந்த நர்ஸ் நல்ல பெண். வாசலிலேயே சொன்னாள்.

"தினமும் ரெண்டு மணிக்குப் படுப்பாங்க. நாலு மணிக்கு எழுப்பி டீ குடுப்போம். நடுவுல இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க. கை மட்டும் ஆடிக்கிட்டே இருக்கும், எதையோ மடிக்கிற மாதிரி."

"ஜனவரி கடைசியில..."

"காய்ச்சல். ஒன்பது நாள் பொட்டுத் தூக்கம் இல்ல. அப்புறம் ஒரு வாரம் மருந்து மயக்கத்துல கிடந்தாங்க, கைகூட அசையல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் அறை எது என்று மட்டும் கேட்டேன்.

மேபல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக, சின்ன உருவம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"வாங்க தச்சரே. கை ஆறிடுச்சா?"

என் கட்டு அவிழ்ந்து பத்து நாளாகியிருந்தது.

"உங்க பேரனுக்குக் கால் எப்பவும் சில்லுன்னு இருக்கு. கவனிங்க."

அம்மா, அவனை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். நீங்கள் செய்வது அவனைக் கொன்றுவிடும் என்று சொன்னேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் கண்ணில் துளி கெடுதல் இல்லை. பாசம்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. கெட்டதாக இருந்தால் பாதிரியாரையாவது கூப்பிட்டிருப்பேன்.

"அந்த வண்டியை எரிச்சிட்டீங்களே. போகட்டும். இப்ப குழந்தை எங்க படுக்குது?"

நான் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு ஜோயலை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்காருவேன். நாலு மணி அடித்ததும் இறக்கிவிடுவேன். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும்.

சென்ற வியாழக்கிழமை நர்ஸ் போன் செய்தாள். மேபல் பகல் 12.10க்கு இறந்துவிட்டாளாம். பாவம், அந்த மனுஷி ஒருவழியாக ஓய்ந்தாள், இனி நீயும் நிம்மதியாக இரு என்கிறாள் கிளெனிஸ்.

உயிரோடு இருந்தவரை அவள் தூங்குகிற இரண்டு மணி நேரம் காவல் காத்தால் போதும் என்று இருந்தேன். இனிமேல் நான் எந்த மணிக்குக் காவல் இருப்பது?