அப்பாவிடம் சொல்லாத வரி

அப்பாவின் வயிற்றில் ஓடும் பெரிய இரத்தக்குழாய் பலூனைப்போல் வீங்கியிருந்தது. வெடித்தால் உயிர் போய்விடும், அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். குழாய்ச் சுவரை அரிக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு, "மாத்திரையே இருக்குப்பா" என்றேன்.

அசாம் ஜாவா என்ற தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டும் அப்பா, அறுவைக்கான சம்மதத் தாளைத் தள்ளிவைத்தார். "மாத்திரை இருக்காம் லா டாக்டர். படிச்ச மக சொல்லுது."

"யாருக்குக் கொடுத்துப் பார்த்தாங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"எலிகளுக்கு."

மனிதர்களிடம் பலன் உறுதியாகவில்லை என்று அதே கட்டுரையில் இருந்த வரியை அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை.

"என்னையும் எலியோட சேத்துட்டியாம்மா?" என்று சிரித்த அப்பா, தாளை நீட்டினார். "இத முழுசா படி."

ஆபத்துகளையும் விடாமல் வாசித்தேன். கையெழுத்திட்டார்; பிழைத்தார்.

இன்றும் கடிதம் வந்தால் படித்துச் சொல்லும்படி என்னிடமே தருகிறார். எனக்குத்தான் வாங்கக் கை கூசுகிறது.