நான் கட்டின மறைப்பு

ஒளிக்கிறதை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஊரில் சண்டை நேரம் ஆமி தேடி வந்தபோது, பச்சைக் குழையால் மூடி நாலு பிள்ளைகளையும் காப்பாற்றினவள் நான்.

கனடாவுக்கு, ரொறன்ரோவுக்கு வந்த தொண்ணூற்றைஞ்சாம் வருசம், மருமகன் வடக்கே காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகேக்க, சமைக்க நானும் போனன். விழுந்த மரத்துக்குப் பின்னால் காய்ஞ்ச கொப்புகளை அடுக்கி ஒளிச்சிருந்தார்.

"உது கண்ணில் குத்துது தம்பி. பச்சையாய் வெட்டுங்கோ."

"மாமி, சமைக்க வந்தனீங்களோ, சுட வந்தனீங்களோ?" எண்டு சிரிச்சார்.

பைன் கொப்புகளை நானே அடுக்கினன்.

ஒரு மான் பத்தடிக்குக் கிட்ட வந்து எங்களை நேரே பார்த்தது. ஆனால் எங்களைக் காணவில்லை. அண்டைக்கு ஆமிக்காரனும் இப்பிடித்தான், எங்களைக் காணாமல் திரும்பிப் போனவன்.

மருமகன் சுட்டார். அது உடனே சாகவில்லை.

"மாமி கட்டின மறைப்பு" எண்டு வீட்டுக்கு வாற ஆக்களுக்கு இண்டைக்கும் பெருமையாய்ச் சொல்லுவார். நான் எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போயிடுவன்.