இராக்கம்மாவின் நூற்றெழுபது

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கம் இராக்கம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் டிஸ்பென்சரி மலை உச்சியில் இருக்கிறது. நோயாளிக்கு நல்ல காற்று கிடைக்கட்டும் என்று அந்தக் காலத்துத் துரை கட்டினாராம். நோயாளி அங்கே எப்படி வந்து சேருவான் என்பது துரையின் கவலையா என்ன? தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் படி.

மாதம் ஒருநாள் பிரஷர் கிளினிக். இருபது நம்பர்தான் கொடுப்பார்கள். அதனால் இராக்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமாய் ஏறுவாள். டாக்டருக்கு நேரமில்லை என்று நர்ஸ் தயானி வாசலிலேயே, வந்த மூச்சோடு, கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிப் பார்த்து அவள் கொப்பியில் எழுதிவிடுவாள். எப்போதும் நூற்றெழுபதுதான்.

டாக்டர் பிரவீணன் யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனுசன். மாத்திரையில் கஞ்சத்தனமே பார்க்கமாட்டார். அரையில் தொடங்கியது ஒன்றாகி, இரண்டாகி, மூன்றாகிவிட்டது. "கருவாட்டை விடுங்கோ அம்மா. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ," என்று புத்தியும் சொன்னார். விடிந்தது முதல் கூடையோடு மலை ஏறி இறங்குகிறவளுக்கு நடை போதவில்லையாம்.

மூன்று மாத்திரையையும் விடாமல் போட்டாள். தலை சுற்ற ஆரம்பித்தது. போன வாரம் சரிவில் கண் இருட்டி, தேயிலைத் தூரைப் பிடித்துத் தப்பினாள். அந்தச் சரிவில் விழுந்தால் கயிறு போட்டுத்தான் தூக்கணும். இந்தத் தடவை நாலாக்கிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரே பயம்.

ஆனால் இந்தத் தடவை மண் சரிந்து, டிஸ்பென்சரிக்கு ஏறும் ஜீப் பாதை அடைபட்டுக் கிடந்தது. டாக்டரின் ஜீப் லயத்தோடு நின்றுவிட்டது. பாவம், அவரும் படியேறினார். சட்டை நனைந்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். தயானி பயந்துபோய் அவர் கையிலும் பட்டியைச் சுற்றினாள். நூற்றெழுபத்தைந்து.

"ஒண்டுமில்லை தங்கச்சி, ஏறி வந்த களை. பத்து நிமிசம் இருந்தால் இறங்கிடும்," என்றார்.

வாசலில் நின்ற இராக்கம்மா கேட்டாள்: "அப்ப எனக்கு மட்டும் ஏங்கய்யா மாத்திர?"

டாக்டர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். பத்து நிமிடம் கழித்து அவரே பட்டியைச் சுற்றிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. தலை சுற்றாமல் என்ன செய்யும்? கொப்பியை வாங்கி மூன்று மாத்திரையையும் வெட்டினார்.

இந்தத் தோட்டத்தில் பிரஷர்காரர்கள் கூடிப்போச்சு, காரணம் கருவாடு என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதியவரும் அவர்தான். மெதுவாக வாசலை எட்டிப் பார்த்தார். ஒருவர்பின் ஒருவராய் ஏறி வந்த பத்தொன்பது பேர் கொப்பியும் கையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். டிஸ்பென்சரியில் நாற்காலி ஒன்றுதான்.