தொடாமலே வாங்கிய முதல் வகுப்பு

என் மகள் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தபோது, டில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கே அது புதுப் படிப்பு. எட்டாவதோடு நின்ற எனக்கு அதன் பெயரைச் சொல்லவே நாக்குக் குழறும். முருகன் கொடுத்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் கல்லூரி விழாவுக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். "அந்த மிஷின எனக்குக் காட்டுட்டி" என்றேன். வராந்தாவின் கடைசியில் ஓர் அறை. "மாதாஜி, சப்பல் இதர்" என்றான் காவலாளி. செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே ஏ.சி. ஓட, அலமாரி அலமாரியாக நின்றது அது. என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இவ்வளவு சுத்தபத்தமாக வைத்திருக்கிறார்களே, நல்ல இடத்தில்தான் சேர்த்திருக்கிறோம் என்று மனசு நிறைந்தது.

"உள்ள கூட்டிட்டுப் போயேன். நீ எப்படி ஓட்டுதன்னு பாக்கணும்."

அவள் சிரித்தாள். "நான் எங்க ஓட்டுதேன்? நாங்களும் இந்தக் கண்ணாடி வரைக்குந்தாம்மா."

"வெளையாடாதட்டி."

"நெசமாத்தான். புரோகிராமத் தாள்ல எழுதி அந்த ஜன்னல்ல குடுப்போம். ஆபரேட்டர் மிஷின்ல போடுவார். ஒரு வாரம் கழிச்சு, தப்புன்னு வரும். எங்க தப்புன்னு கேட்டா வாத்தியாருக்கே தெரியாது. அவரும் உள்ள போனதில்ல."

சாமியைத் தூர நின்று கும்பிட்டாலும் அருள் வரும். இது அப்படியா? அடுப்பங்கரைக்குள் விடாமலே சோறாக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "யுனிவர்சிட்டிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிட்டாக்கும்?" என்றார். மலை மந்திர் முருகன் கோவில் படியேறும்போதெல்லாம் ஒரே வேண்டுதல்தான்: பிள்ளை ஒரு தடவையாவது அதைத் தொட்டுவிட வேண்டும்.

கடைசிப் பரீட்சைக்கு முன்னால் மிஷின் கெட்டுப்போனது. செய்முறைப் பரீட்சையையும் தாளிலேயே எழுதச் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் பாஸ். என் மகள் முதல் வகுப்பு. வீட்டுக்காரர் பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார். "அரே வா, கம்ப்யூட்டர் மேடம்!" என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். நான்தான், கடைசிவரை அதைத் தொடவே இல்லையே என்று எண்ணிக்கொண்டே லட்டு டப்பாவைக் கழுவினேன்.

கொஞ்ச நாளில் அந்தக் கல்லூரியிலிருந்தே வேலைக்குக் கூப்பிட்டார்கள். பாடம் நடத்த ஆள் இல்லையாம்.

"என்னத்தட்டி சொல்லிக் குடுப்ப?"

"எனக்குச் சொல்லிக் குடுத்ததத்தான். போர்டுல எழுதிப் போடுவேன், பிள்ளைக எழுதிக்கிடும்."

"வேண்டாம்னு சொல்லிரேன்."

"வேற எங்க போக? போன வாரம் இன்டர்வியூன்னு போனேன்லா, அங்க மிஷின் முன்னால உக்கார வச்சுட்டாங்கம்மா. எத அழுத்தணும்னு தெரியல. எந்திரிச்சு வந்துட்டேன்."

அதுவரை எங்களிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.

முதல் நாள் காலையில் திருநீறு பூசிவிட்டேன். வெளியே டில்லி வெயில் கொதித்தது. "வாரேம்மா" என்று பஸ் ஏறிவிட்டாள். அங்கே புதுப் பிள்ளைகள் காத்திருக்கும். அதுகளைப் பெற்றவர்களும் விளக்கேற்றிக் கும்பிட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள். பூஜை அலமாரி முன்னால் வந்து நின்றேன். முருகனிடம் என் பிள்ளைக்காகக் கேட்கவா, அந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்கவா?